பதினோராம் எண் அறை

கிளீவ்லாண்ட்
4 அக்டோபர் 1970

அன்புள்ள அக்காவுக்கு,

இது கைக்கு வரும்போது உன் முழங்கால் உன் பேச்சைக் கேட்டு நடந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் மூவரும் கடவுள் புண்ணியத்தில் சுகம். எர்லீனுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. நீராவியில் நின்று நின்று கை சிவந்துபோகிறது, ஆனாலும் பாடிக்கொண்டேதான் வீட்டுக்கு வருகிறாள். மூன்று வருஷம் இந்த வடக்கத்தி ஊரில் தனியாகச் சமைத்துத் தின்றவனுக்கு, ஜூனில் பெண்டாட்டியும் பிள்ளையும் வந்து சேர்ந்ததே பண்டிகை மாதிரி இருக்கிறது.

ரெனெட்டாவைப் பள்ளியில் சேர்த்தாயிற்று. மூன்று மாடிக் கட்டடம். வெள்ளைப் பிள்ளைகளும் நம் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே வாசலில் நுழைகிறார்கள். பரீட்சை மாதிரி ஏதோ வைத்துப் பார்த்துவிட்டு, அவளைப் பதினோராம் எண் அறையில் போட்டிருக்கிறார்கள். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான தனி வகுப்பாம். பதினான்கு பேர்தான். டீச்சர் மிஸஸ் ஹால்ப்ரூக் தன்மையாகப் பேசினாள். "கவலையே படாதீங்க, மிஸ்டர் டில்லார்ட். இங்க அவளை யாரும் அவசரப்படுத்த மாட்டோம்" என்றாள். அப்பனைக் கொண்டு பிறந்திருந்தால் பிள்ளை என்ன செய்யும், பாவம்.

விடிகாலையில் முதல் டிரிப்புக்கு என் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு கிளம்பும்போது ஏரிப் பக்கமிருந்து பனி வந்து தெருவை மூடிவிடும். அப்போதெல்லாம் நம் மவுண்ட் நீபோ பள்ளிக்கூடத்துப் பாதைதான் ஞாபகம் வரும். நம் டீச்சர் மிஸ் கோரா மணிக்குப் பதிலாகப் பழைய கலப்பைத் தகட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டதும் நீ என் கையை இழுத்துக்கொண்டு ஓடுவாயே, அது. அந்தப் பள்ளியில்தானே இப்போது நீயும் டீச்சர். இந்த வருஷம் உன் வகுப்பில் எத்தனை பேர்?

உன் தம்பி
லூஷியஸ்


ஹேசல் க்ரீக், ஜார்ஜியா
13 அக்டோபர் 1970

அன்புத் தம்பி லூஷியஸ்,

உங்கள் சுகம் அறிந்து சந்தோஷம். என் முழங்கால் மழைக்கு மட்டும் கோபித்துக்கொள்கிறது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ரெனெட்டாவா மெதுவாகக் கற்கிறவள்? இரண்டு வருஷம் என் வகுப்பில் இருந்த பிள்ளை. ஆறு வயதில் மாதா கோயிலில் பைபிளைத் திறந்து சங்கீதம் வாசித்தவள். கோயில் பெரியவர் டீக்கன் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தபோது எழுந்து நின்று, "ஐயா, ஒரு வரி போச்சு" என்று சொன்னவள். மறந்துவிட்டாயா?

இந்த மாதிரி வகுப்புகளைப் பற்றி எனக்குத் தெரியும். உள்ளே போவது சுலபம். வெளியே வர வாசல் கிடையாது. பெற்றவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் அந்த அறையில் பிள்ளையை வைக்க முடியாதே! எந்த முட்டாள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான்? எர்லீனா? கண்டிப்பாக விசாரி. ரெனெட்டா என்ன படிக்கிறாள், என்ன எழுதுகிறாள் என்று பார்த்து உடனே எழுது.

இங்கே பள்ளிக்கூடம் நடக்கிறது. பீக்கன் கொட்டை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. நீ மரத்தின் மேலிருந்து உலுக்கி, நான் பாவாடையில் ஏந்தி, பாதியை மிஸ் கோராவுக்குக் கொடுப்போமே. மரம் அப்படியே இருக்கிறது.

உன் அக்கா
ஓசெல்லா


ஹேசல் க்ரீக்
22 நவம்பர் 1970

அன்புத் தம்பி,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா? நன்றி விழாவுக்காக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பீக்கன், அத்திப்பழ ஜாம், ரெனெட்டாவுக்கு நான்கு புத்தகங்கள். கோபமாக ஏதும் எழுதிவிட்டேனா? டீச்சர் புத்தி, சிவப்பு மையை எங்கும் எடுத்துப் போகும். ஒரு அட்டையாவது போடு.

ஓசெல்லா


கிளீவ்லாண்ட்
6 டிசம்பர் 1970

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

எர்லீன் எழுதிக்கொள்வது. உங்கள் தம்பிக்கு ஒன்றுமில்லை, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பார்சல் வந்தது. ஜாம் ஒரே வாரத்தில் காலி. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அண்ணி, அந்தக் கையெழுத்தைப் போட்டது அவர்தான்.

அன்றைக்கு எனக்கு வேலைக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் தனியாகப் போனார். நான்கு பக்கம் காகிதத்தை நீட்டியிருக்கிறார்கள். பொடி எழுத்து. சுற்றிலும் மூன்று பேர் பேனாவோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். "படிச்சுப் பாக்கவா, வேணாமான்னு யோசிச்சேன். நான் படிக்கிற வேகத்தை அவங்க பாத்துட்டா, பிள்ளையையும் அப்படித்தான் நினைப்பாங்கன்னு பட்டுன்னு போட்டுட்டேன்" என்று என்னிடம் சொன்னார்.

உங்கள் கடிதத்தை அவர்தான் எனக்குச் சத்தமாக வாசித்தார். 'எந்த முட்டாள்' என்ற இடம் வந்ததும் நின்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வாசிக்கவே இல்லை. இத்தனை நாளில் ஐந்தாறு தரம் காகிதத்தை எடுத்து, 'அன்புள்ள அக்காவுக்கு' என்று எழுதி, கிழித்துப் போட்டார்.

நேற்று ரெனெட்டாவுக்குக் கழித்தல் கணக்கு சொல்லித் தரச் சொன்னேன். "எட்டாவதோட நின்னவன்கிட்டயா கேக்கற? எனக்கே படிப்பு ஏறல. அது அவளுக்கும் ஒட்டிக்கிச்சு போல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

அன்புடன்
எர்லீன்


ஹேசல் க்ரீக்
13 டிசம்பர் 1970

லூஷியஸ்,

எர்லீனைக் கோபிக்காதே. அவள் எழுதியிராவிட்டால் நான் இந்தக் கடிதத்தை எழுதாமலேயே செத்திருப்பேன்.

முட்டாள் என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அது சின்ன விஷயம். பெரியது ஒன்று இருக்கிறது.

அப்பாவுக்குக் கால் உடைந்த வருஷம். பருத்தி எடுக்க ஆள் இல்லை. நம் இருவரில் ஒருவர்தான் படிக்கலாம் என்று அம்மா சொல்வதற்கு முன்பே, நீ சாப்பாட்டு மேஜையில் உன் சிலேட்டை வைத்துவிட்டு, "எனக்குப் படிப்பு ஏறல. மிஸ் கோரா சொல்றது ஒண்ணும் மண்டைக்குள்ள போகல. நான் வயலுக்குப் போறேன்" என்றாய். அம்மா அழுதாள். அப்பா, "சரி, எல்லாருக்கும் வராது" என்றார். ஊர் முழுவதும் அதையே நம்பியது.

எனக்கு அது பொய் என்று அன்றைக்கே தெரியும்.

அதற்கு முந்தின வாரம்தான் மிஸ் கோரா என்னைக் கூப்பிட்டு, "உன் தம்பி பத்தாம் வகுப்புக் கணக்கை மனசாலேயே போடறான். அவனை எப்படியாவது பெரிய பள்ளிக்கு அனுப்பச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினாள். வீட்டில் அதைச் சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்குக் காலேஜுக்குப் போக வேண்டும் என்று அவ்வளவு ஆசை. பதினாறு வயது. இன்றைக்கு எனக்கு நாற்பத்தொன்று. இருபத்தைந்து வருஷமாக அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, மற்றவர் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லித்தருகிறேன்.

எனக்காக நீ சொன்ன பொய்யை நீயே நம்பிவிட்டாய். அந்த ஒரு பொய் போதும். அதை ரெனெட்டாவின் தலையிலும் கட்டாதே. போய் அந்த வகுப்பில் உட்கார்ந்து பார். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது.

என்னைப் பற்றி என்ன நினைக்கிறாயோ எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஓசெல்லா


கிளீவ்லாண்ட்
10 ஜனவரி 1971

அக்கா,

இங்கே முழங்கால் அளவு பனி. எல்லோரும் சுகம். உன் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் முழுவதும் பையில் வைத்துக்கொண்டே பஸ் ஓட்டினேன். உன் மேல் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் இருந்தது. பிறகு மிஸ் கோரா என்னைப் பற்றி அப்படிச் சொன்னாள் என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கா? நிஜமாகவா?

எனக்கு லீவு கிடைத்த நாளில் டிரைவர் சீருடையைப் போட்டுக்கொண்டு பதினோராம் எண் அறைக்குப் போனேன். பின்னால் ஒரு குட்டி நாற்காலியில் முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். பதினான்கு பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் நம் பிள்ளைகள். எதிர் அறையில் எட்டிப் பார்த்தேன், அங்கே நம் பிள்ளை நாலே நாலு. ரெனெட்டா பொத்தான்களை நிறம் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள், அக்கா. காலை முழுவதும். மதியம் அதே பொத்தான்களைக் கொட்டிக் கலந்து திரும்பக் கொடுத்தார்கள்.

"இவங்க என்ன புத்தகம் படிக்கிறாங்கம்மா?" என்று கேட்டேன்.

"இந்தப் பிள்ளைங்களைப் புத்தகத்தைக் காட்டிப் பயமுறுத்தறதில்ல, மிஸ்டர் டில்லார்ட்" என்றாள் மிஸஸ் ஹால்ப்ரூக். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு முதலிலேயே புரிந்திருக்கும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பிள்ளையிடம் கேட்டேன்.

"அந்தப் பரீட்சையில பதில் தெரியலையா கண்ணு?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"மொத கேள்விக்குச் சொன்னேன்ப்பா. அந்தம்மா சிரிச்சாங்க. பக்கத்து ரூம் அம்மாவக் கூப்ட்டு, 'இவ பேசறதக் கேளேன்'னாங்க. திரும்பச் சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்புறம் நான் வாயத் தொறக்கல."

நம் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவள் வாயை மூடிக்கொண்டதற்கு மந்தம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு அடியில் என் கையெழுத்து.

இனி என்ன செய்ய? சொல். இன்னொன்று. உன் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன், நீ பதிலே சொல்லவில்லை. நீ எப்போதும் பெயர் பெயராக எழுதுகிறவளாயிற்றே?

லூஷியஸ்


ஹேசல் க்ரீக்
19 ஜனவரி 1971

அன்புத் தம்பி,

நிஜமாகத்தான். பத்தாம் வகுப்புக் கணக்கு.

செய்ய வேண்டியது: தனியாகப் போகாதே. அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளின் வீடுகளைக் கண்டுபிடி. சேர்ந்து போங்கள். வேறு ஆளை வைத்துத் திரும்பச் சோதிக்கச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.

எனக்கு வகுப்பு இல்லை, லூஷியஸ். கோர்ட் உத்தரவில் நம் பள்ளியையும் வெள்ளையர் பள்ளியையும் ஒன்றாக்கினார்கள். ஆகஸ்டில் மவுண்ட் நீபோவைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் ஊருக்குள் இருக்கும் வெள்ளைக்காரப் பள்ளிக்குப் போகிறார்கள். நம் டீச்சர்கள் ஒன்பது பேரில் இரண்டு பேருக்குத்தான் வகுப்பு கொடுத்தார்கள். என்னைப் புத்தக அறையில் வைத்திருக்கிறார்கள். பத்தொன்பது வருஷம் பாடம் சொன்னவள், அட்டை கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவுகிறேன். பிள்ளைகளை 'ஏ', 'பி' என்று பிரித்திருக்கிறார்கள். 'பி'யில் யார் இருப்பார்கள் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

எனக்காக நீ விட்டுக்கொடுத்த படிப்பு பசை வாளியில் வந்து முடிந்திருக்கிறது என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அதனால்தான் பீக்கன் மரத்தைப் பற்றி எழுதினேன்.

சில சாயங்காலங்களில் மவுண்ட் நீபோ பக்கம் நடந்து போகிறேன். ஜன்னல் வழியாக, நான் கடைசியாக எழுதிய தேதி கரும்பலகையில் இன்னும் தெரிகிறது.

உன் அக்கா


கிளீவ்லாண்ட்
7 மார்ச் 1971

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். உனக்குப் பசை வாளியா? அதைப் படித்துவிட்டு எர்லீன் ஒரு தட்டை உடைத்தாள். கை தவறி என்கிறாள்.

பன்னிரண்டு வீட்டை எப்படித் தேடுவது என்று மலைத்துப் போனேன். பிறகுதான் உறைத்தது, இந்தப் பக்கத்துத் தாய்மார் பாதிப் பேர் என் பஸ்ஸில்தானே வேலைக்குப் போகிறார்கள்! சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சத்தமாகக் கேட்டேன். "யார் வீட்டுப் பிள்ளையாவது பதினோராம் எண் ரூம்ல இருக்கா?" முதல் நாளே முன் சீட்டில் இருந்த மிஸஸ் ஓடம், "என் மவன் இருக்கான்யா! ரெண்டு வருஷமா பொத்தான் பொறுக்கறான்! எங்க வீட்ல இப்ப சட்டைக்குத்தான் பொத்தான் இல்ல, அவன் பையில இருக்கு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது குடும்பம் சேர்ந்தது. எல்லோருமே இரண்டு மூன்று வருஷத்துக்குள் தெற்கேயிருந்து வந்தவர்கள்.

மாதா கோயில் கீழறையில் கூடிப் பேசிவிட்டு, வியாழக்கிழமை ஒன்பது குடும்பமும் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தோம். நாற்காலி போதவில்லை. அவர் என் காகிதத்தை எடுத்து மேஜையில் போட்டார்.

"உங்க கையெழுத்து இருக்கே, மிஸ்டர் டில்லார்ட்."

"இருக்கு சார். அன்னிக்கு நான் கேக்காம போட்டேன். இன்னிக்குக் கேக்கறேன்" என்றேன்.

"தெற்குப் பக்கத்துப் பள்ளிகள்ல இருந்து வர்ற பிள்ளைங்க கொஞ்சம் பின்தங்கித்தான்…" என்று ஆரம்பித்தார்.

எர்லீன் விடவில்லை. "எம் பொண்ணுக்குப் பாடம் சொன்னது எங்க அண்ணி. அந்தம்மா வகுப்புல பின்தங்கறதுக்கு யாருக்கும் தைரியம் கிடையாது சார்."

கல்லூரியிலிருந்து வேறு ஒரு அம்மாளை வைத்துத் திரும்பச் சோதிக்க எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் அசையவில்லை.

உன் தம்பி
லூஷியஸ்


கிளீவ்லாண்ட்
18 ஏப்ரல் 1971

அன்புள்ள ஓசெல்லா அத்தைக்கு,

நான் நலம். அத்தையின் முழங்கால் நலமா? புதுப் பரீட்சை வைத்த அம்மா நம்மை மாதிரி. பெரிய கம்மல் போட்டிருந்தாங்க. நான் பேசினப்போ சிரிக்கலை. "நீ எந்த ஊரு, ஜார்ஜியாவா? எங்க அம்மாவும் இப்படித்தான் பேசுவாங்க"ன்னாங்க. அப்புறம் நான் எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன். அவங்க கேக்காததுக்கும் சொன்னேன்.

நான் இப்போ இருபத்திரண்டாம் எண் அறையில். இங்கே அகராதி இருக்கு. ஆறு பேர் மாறிட்டோம். மூணு பேர் மாறலை. மிஸஸ் ஓடம் வீட்டு டெரலுக்கு நிஜமாவே மெதுவாத்தான் வருது. அம்மா சொன்னாங்க, "மெதுவாப் படிக்கிற பிள்ளைக்கும் புத்தகம் வேணும்ல? பொத்தானா படிக்கும்?" அப்பா இன்னும் அந்த மூணு பேருக்காகப் பள்ளிக்கூடம் போறாரு. சனிக்கிழமை கோயில்ல டெரலுக்கும் எனக்கும் அப்பாதான் கணக்கு சொல்லித் தராரு. பேப்பரே இல்லாம போடறாரு!

இப்படிக்கு
ரெனெட்டா டில்லார்ட்


ஹேசல் க்ரீக்
2 மே 1971

அன்புத் தம்பி,

ரெனெட்டாவின் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ பேப்பர் இல்லாமல் கணக்குப் போடும் வரியை மட்டும் இரண்டு தரம் சத்தமாகப் படித்தேன்.

இங்கே ஒன்று நடந்தது. அரசாங்கத்திலிருந்து அறுபது புதுப் புத்தகங்கள் வந்தன, எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று காகிதத்தோடு. கூடவே பள்ளிக் கண்காணிப்பாளரின் துண்டுச் சீட்டு: 'புதியவை ஏ பிரிவுக்கு. அவர்களுடைய பழையவை பி பிரிவுக்கு.'

நாம் படித்த புத்தகங்கள் ஞாபகமிருக்கிறதா? முதல் பக்கத்தில் பெயர் எழுத ஆறு கோடு இருக்கும். நம் கைக்கு வரும்போது ஆறிலும் வெள்ளைப் பிள்ளைகளின் பெயர் இருக்கும். நம் பெயரை ஓரத்தில் எழுதுவோம்.

சீட்டைப் படித்தேன். அறையைத் திறந்தேன். பட்டப்பகலில், முதல் மணி அடித்ததும், அறுபது புத்தகங்களையும் தள்ளுவண்டியில் வைத்து 'பி' பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். "பேனாவை எடுங்க. முதல் கோட்டுல உங்க பேரை எழுதுங்க. பென்சில் வேண்டாம், மை" என்றேன். லுவெட்டா என்ற பெண் தயங்கி, "மொதக் கோட்டுலயா, மிஸ் டில்லார்ட்? நெசமாவா?" என்றாள். "நெசமாத்தான்" என்றேன். ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு வகுப்பின் முன்னால் நின்றேன், லூஷியஸ். கால் வலிக்கவே இல்லை.

மத்தியானமே சாவியை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை வருமாம். என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் அக்கா


கிளீவ்லாண்ட்
9 மே 1971

அக்கா,

நீ வேண்டாம் என்றாலும் கவலைப்படுகிறோம். உன் கடிதத்தை பஸ்ஸில் வாசித்துக் காட்டினேன். மிஸஸ் ஓடம், "அந்தம்மாவ இங்க வரச் சொல்லுய்யா, எங்க பிள்ளைங்களுக்கு வேணும்" என்றாள். ஒன்பது குடும்பமும் அதையே சொல்கிறது. பாடம் சொல்லக் கோயில் கீழறை இருக்கிறது. எங்கள் முன்னறையில் கட்டில் போட இடம் இருக்கிறது. வந்துவிடு.

லூஷியஸ்


ஹேசல் க்ரீக்
13 ஜூன் 1971

அன்புள்ள தம்பி, எர்லீன், என் செல்லம் ரெனெட்டா,

உங்கள் சுகத்துக்கு ஆண்டவனுக்கு நன்றி. என் சுகத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

விசாரணை பத்து நிமிஷம். வேலை போயிற்று. அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் இல்லை. மூன்று பேர் தலையை ஆட்டினார்கள், முடிந்தது.

அதன் பிறகு அறுபது புத்தகங்களையும் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கினார்கள். பெட்டியில் கட்டி 'ஏ' பிரிவில் வைத்தார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் 'ஏ' பிரிவின் வெள்ளைக்காரத் தாய்மார் சிலர் வந்து பார்த்திருக்கிறார்கள். பெட்டியைத் தூக்கிய வாட்ச்மேன் பர்விஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு அம்மா புத்தகத்தத் தொறந்துச்சு, மிஸ் டில்லார்ட். மொதக் கோட்டுல இருந்த பேரப் பாத்துச்சு. கைக்குட்டைய எடுத்து வெரலத் தொடச்சுக்கிச்சு. 'எங்க பிள்ளைங்களுக்கு இதெல்லாம் வேணாம், வேற வாங்கிக் குடுங்க'ன்னுச்சு. வெள்ளிக்கிழமை அத்தனையும் நானே திரும்ப 'பி'க்குத் தூக்கிட்டுப் போனேன். முதுகு போச்சு. போனா போகுது!"

அறுபதும் நம் பிள்ளைகளிடமே வந்துவிட்டன. சிரிப்பதா, அந்தக் கைக்குட்டையை நினைத்து அழுவதா என்று தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தெருவில் லுவெட்டா சத்தமாக வாசித்துக்கொண்டே நடந்து வந்தாள். ஒரு சொல்லில் தடுக்கி, என் ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"மிஸ் டில்லார்ட், இது என்ன வார்த்தை?"

"எழுத்துக் கூட்டிச் சொல்லு."

கூட்டினாள். ஒரு தரம் தப்பு. மறுதரம் சரி. நன்றி என்றுகூடச் சொல்லவில்லை, கதை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் அவசரம். வாசித்துக்கொண்டே திருப்பத்தில் மறைந்துவிட்டாள்.

ஜூலையில் ஒரு மாதம் உங்களோடு இருக்க வருகிறேன். கட்டிலைப் போட்டு வையுங்கள். ஆனால் செப்டம்பருக்குள் இங்கே திரும்ப வேண்டும். 'பி' பிரிவுத் தாய்மார் பதினேழு பேர், பிள்ளைகளை ஏன் இப்படிப் பிரித்தார்கள் என்று கேட்கப் பள்ளிக்குப் போகத் தயாராகிறார்கள். தனியாகப் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். நானும் வருகிறேன் என்றும்.

நான் சுகம்.

உன் அக்கா
ஓசெல்லா